கத்தரிக்கோலுக்குச் சொந்த ஊர் எது?

ஜெர்மனியில் ஓர் ஊரின் பெயரைக் காப்பதற்கென்றே ஒரு சட்ட ஆணை இருக்கிறது. கத்தி, கத்தரிக்கோல், சவரக்கத்தி எதுவானாலும் அதில் ‘சோலிங்கன்’ என்று பொறிக்க வேண்டுமென்றால், அதைச் செய்யும் முக்கியமான வேலைகள் அத்தனையும் சோலிங்கன் நகர எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதை ஒட்டியிருக்கும் ஹான் என்ற சிறிய ஊருக்குள் நடந்திருக்க வேண்டும். 1938-இல் சட்டமாக வந்தது. 1994 டிசம்பரில் புதிய ஆணையானது. எல்லைக்குள் செய்துவிட்டால் மட்டும் போதாது, எடுத்த எஃகும் செய்த வேலையும் அந்தப் பொருளின் காரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் அதே ஆணை சொல்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

காரணம் என் தொழில். சென்னைத் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலையில் இருக்கிறேன். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், உளி, அரம், தோட்டக் கத்தரி என்று வெளிநாட்டுக் கைக்கருவிகள் எல்லாம் என் மேஜைக்குக் காகிதமாக வந்து போகும். ஒவ்வொரு பில் ஆஃப் என்ட்ரியிலும் இரண்டு கட்டங்கள்தான் எங்களுக்கு உயிர். ஒன்று, சி.டி.எச். என்று நாங்கள் சொல்லும் வரித் தலைப்பு எண். இன்னொன்று, பொருள் பிறந்த நாடு. எவ்வளவு வரி, எந்தச் சலுகை, எந்தக் கூடுதல் வரி என்பதெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் கிளைக்கும். ஒரு நாட்டின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதும்போது உண்மையில் எதை எழுதுகிறோம்? எந்தக் கணத்தில் ஒரு இரும்புத் துண்டு கருவியாகப் பிறக்கிறது? இதைக் கண்ணால் பார்க்க உலகத்தில் சோலிங்கனைவிடப் பொருத்தமான ஊர் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

டூசல்டோர்ஃபிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். நிலையத்துக்கு வெளியே, தலைக்கு மேல் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராலி பஸ்கள் நிற்கின்றன. ஜெர்மனியில் இப்போது மூன்று ஊர்களில்தான் இவை ஓடுகின்றன. சோலிங்கன் அதில் ஒன்று. ஊர் முழுக்க ஏற்றமும் இறக்கமும். பழைய வீடுகளின் சுவர்களில் கரிய சிலேட்டுக்கல் செதில் செதிலாகப் போர்த்தியிருக்கிறது. வெள்ளைச் சன்னல் சட்டம், பச்சைச் சன்னல் கதவு. பள்ளத்தாக்கில் வுப்பர் ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. அதில் வந்து சேரும் ஓடைகள் எல்லாம் ஒரு காலத்தில் சக்கரம் சுற்றியவை. இங்கே கத்தித் தொழில் வேரூன்றியதற்கு அந்தத் தண்ணீரும் சுற்றியிருந்த காட்டின் அடுப்புக்கரியும் பெரிய காரணங்கள்.

முதலில் மெர்ஷைட் பகுதியில் இருக்கும் ஹென்ட்ரிக்ஸ் பட்டறைக்குப் போனேன். 1886-இல் தொடங்கி 1986-இல் மூடிய ஃபோர்ஜிங் பட்டறை. இப்போது அரசு நடத்தும் தொழில் அருங்காட்சியகம். அருங்காட்சியகம் என்ற சொல்லைக் கேட்டு கண்ணாடிப் பேழைகளை எதிர்பார்த்துப் போகிறவர்களை உள்ளே நுழைந்ததும் எண்ணெயும் புகையும் கலந்த வாசனை வரவேற்கும். கூரையை ஒட்டி ஓடும் தண்டு, அதிலிருந்து இறங்கும் தோல் பட்டைகள், வரிசையாக நிற்கும் சம்மட்டி இயந்திரங்கள், தொழிலாளிகள் கை கழுவிய தொட்டி, உடை மாற்றிய அறை என எல்லாம் வேலை நடந்தபோது இருந்தபடியே இருக்கின்றன. இயந்திரங்களையும் சும்மா நிறுத்தி வைக்கவில்லை. இன்றும் அடிக்கிறார்கள்.

நான் போன நாளில் அடித்துக் காட்டியவர் வயதானவர், தோல் ஏப்ரன் கட்டியிருந்தார். உலையிலிருந்து இடுக்கியால் ஒரு சிறு எஃகுக் கம்பியை எடுத்தார். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு நிறம். அதைக் கீழ் அச்சின் பள்ளத்தில் வைத்தார். ஓயாமல் சுற்றும் உருளையின் மேல் தொங்கும் பட்டையை இழுத்துப் பிடித்தார். பட்டை உருளையைக் கவ்வி, மேல் அச்சைத் தாங்கிய இரும்புப் பாளத்தை உயரத் தூக்கியது. கையைத் தளர்த்தினார். பாளம் விழுந்தது. தரை வழியாக என் முழங்கால் வரை அதிர்வு ஏறியது. பொறிச் செதில்கள் நாலா பக்கமும் தெறித்தன. மறுபடி ஒரு அடி. அச்சைத் திறந்தபோது கம்பி இல்லை. விரல் விடும் வளையம், மெல்லிய கழுத்து, நீண்ட அலகு, எல்லாம் சேர்ந்த ஒரு வடிவம் கிடந்தது. கத்தரிக்கோலின் ஒரு பாதி.

வடிவத்தைச் சுற்றிலும் தட்டையாக ஒரு விளிம்பு பிதுங்கி நின்றது. இரண்டு அச்சுக்கும் நடுவில் போக்கிடமில்லாமல் பிதுங்கிய எஃகு. ஃபோர்ஜிங் பட்டறைகளில் அதை ஃபிளாஷ் என்பார்கள். பக்கத்தில் இருந்த அழுத்தியில் வைத்து ஒரே இடியில் அதை வெட்டி எறிந்தார். ஆறிய பிறகு அந்தப் பாதியை என் கையில் கொடுத்தார். கருநீலம் பாய்ந்த செதில் மூடியிருந்தது. அலகின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மொண்ணை. காகிதத்தைக்கூட அறுக்காது.

“இதைக் கத்தரிக்கோல் என்று சொல்லலாமா?” என்று கேட்டேன்.

“வேறு என்னவென்று சொல்வீர்கள்?” என்றார். பிறகு யோசித்து, “ஆனால் இங்கே வேலை முடிந்த பிறகும் இது ஊரைச் சுற்ற வேண்டும். தீட்டுவது, தோய்ச்சல் போடுவது, மெருகு ஏற்றுவது, நிக்கல் பூசுவது, கோர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு தெருக்கள்” என்றார்.

இவர் சொன்ன இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் உலகத்தின் சுங்கச் சட்டங்கள் எல்லாம் நிற்கின்றன.

எச்.எஸ். கோடு என்று எல்லோரும் சொல்லும் ஆறு இலக்க எண் முறை, பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு பராமரிப்பது. 1988 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இருநூற்றுக்கு மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரங்களும் இதைக் கையாள்கின்றன; முதல் ஆறு இலக்கம் எல்லோருக்கும் ஒன்று, அதற்கு மேல் இந்தியா இரண்டைச் சேர்த்து எட்டாக்கும், அமெரிக்கா நான்கைச் சேர்த்துப் பத்தாக்கும். கைக்கருவிகளுக்கு 82-ஆம் அத்தியாயம். அதைத் திறந்தால் முதல் தலைப்பு 8201. மண்வெட்டி, கடப்பாரைக்குப் பங்காளியான பிக்காசு, கோடாலி, வெட்டரிவாள், கதிர் அரிவாள். உழவனின் கையிலிருந்து தொடங்குகிறது உலகத்தின் கருவிப் பட்டியல்! அடுத்து ரம்பம். அதற்கடுத்து அரமும் குறடும் கட்டிங் பிளேயரும். 8204-இல் ஸ்பேனரும் சாக்கெட்டும். 8205-இல் சுத்தியல், உளி, இழைப்புளி, ஸ்க்ரூ டிரைவர், பட்டறைக்கல் வரை. கடைசி வரிசையில் கத்தி, சவரக்கத்தி, கத்தரி, கரண்டி. இத்தனை வருடம் இந்தப் பட்டியலோடு வாழ்ந்தும் எனக்கு இது அலுக்கவில்லை. மனிதக் கை செய்யக்கூடிய வேலைகளை யாரோ பொறுமையாக உட்கார்ந்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த அத்தியாயத்தின் வாசலில் ஒரு குறிப்பு இருக்கிறது. வேலை செய்யும் பகுதி எதனால் ஆனதோ அதுதான் கணக்கு. வெட்டும் விளிம்பு, கடிக்கும் வாய், தேய்க்கும் பரப்பு இவை உலோகமாக இருந்தால் உள்ளே வரலாம். பிடி தேக்கா, பிளாஸ்டிக்கா என்பதைப் பற்றிக் கவலையில்லை. முழுக்க மரத்தில் செய்த கொட்டாப்புளி இங்கே வராது. மரப் பொருட்களின் அத்தியாயத்தில் 4417-க்குப் போய்விடும். கொத்தனாரின் பையில் சுத்தியலோடு ஒன்றாகக் கிடக்கும் ரசமட்டம் 9031. அளக்கும் டேப் 9017. மின்சாரத்தில் ஓடும் டிரில் 8467. கண்ணாடி அறுக்கும் கருவி முனையில் வைரத்தைத் தாங்கிக்கொண்டும் கைக்கருவியாகவே 8205-இல் நிற்கிறது. கருவியின் குணம் அது வேலையைத் தொடும் இடத்தில் இருக்கிறது என்ற இந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி ஹென்ட்ரிக்ஸ் பட்டறையில் என் கையில் இருந்த மொண்ணைப் பாதிக்கு வருவோம். அதற்கு என்ன தலைப்பு? வகைப்படுத்தும் பொது விதிகளில் இரண்டாவது விதி இதற்குப் பதில் வைத்திருக்கிறது. வேலை முடியாத பொருளாக இருந்தாலும், முடிந்த பொருளின் அடிப்படைத் தன்மை அதில் வந்துவிட்டால் முடிந்த பொருளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தரிக்கோலும் அதன் அலகுகளும் 8213. எனவே அச்சிலிருந்து வந்த கரிய பாதிக்கும் 8213, கடையில் வெல்வெட் பெட்டியில் மின்னும் கத்தரிக்கும் 8213.

வகைப்படுத்துகிறவருக்கு இது நிம்மதி. பிறந்த நாட்டைத் தேடுகிறவருக்குத் தலைவலி தொடங்குவது இங்கேதான். பல வணிக ஒப்பந்தங்களில் பிறப்பிடத்தைத் தீர்மானிக்கும் எளிய வழி, தலைப்பு மாறியதா என்று பார்ப்பது. எஃகுக் கம்பி 72-ஆம் அத்தியாயம், கத்தரிக்கோல் 82. கம்பியைக் கத்தரியாக்கிய நாடு எதுவோ அதுவே பிறந்த நாடு. ஆனால் ஒரு நாட்டில் அச்சில் அடித்து, இன்னொரு நாட்டில் தீட்டிக் கோர்த்தால்? 8213-ஆக உள்ளே போனது 8213-ஆகவே வெளியே வருகிறது. எண்ணின் கண்ணுக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

ஒன்றுமே நடக்கவில்லையா என்பதைப் பார்க்க நான் ஆற்றுக்கு இறங்கினேன். சோலிங்கனில் அந்தப் பாதிகள் பட்டறைக்குப் பட்டறை போனது பெண்களின் தலைமேல். கூடை நிறைய இரும்பு, தலையில் சும்மாடு, காலடியில் ஏற்றமும் இறக்கமுமான மலைப்பாதை. லீவர்ஃப்ராவ் என்று அந்தப் பெண்களை இந்த ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அச்சுப் பட்டறையிலிருந்து தீட்டுமிடத்துக்கு, அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு, கடைசியில் வணிகரின் கிடங்குக்கு. பழைய படங்களில் கூடை சுமந்து நிற்கும் அவர்களைப் பார்த்தால் நம் ஊரில் செங்கல் சுமக்கும் பெண்களின் நிமிர்ந்த கழுத்து தெரிகிறது.

வுப்பர் கரையில் விப்பர்கோட்டன் என்ற பழைய தீட்டுமனை இருக்கிறது. தண்ணீர்ச் சக்கரம் சுற்ற, உள்ளே சாணைக்கல் சுற்றும். ஆற்றின் இரைச்சலும் கல்லின் முனகலும் சேர்ந்து பேச்சே கேட்காது. அலகு கல்லில் பட்டதும் கரிய தோல் உரிந்து வெள்ளை எஃகு எட்டிப் பார்க்கிறது. கத்தரியின் உள்பக்கத்தை இலேசாகக் குழிவாகத் தீட்டுகிறார்கள். பிறகு இரண்டு அலகையும் மிக மிகச் சிறிய அளவுக்கு வளைக்கிறார்கள். அங்கே எனக்குக் காட்டிய நல்ல கத்தரி ஒன்றை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். அலகுகளுக்கு நடுவே மயிரிழைபோல வெளிச்சக் கோடு. நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டன. திறந்து மெல்ல மூடினால் இரண்டு விளிம்பும் ஒரே ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அந்தப் புள்ளி அடியிலிருந்து நுனிக்கு நகர்ந்து போகிறது. துணியை வெட்டுவது அந்த நகரும் புள்ளிதான். முழு அலகும் ஒட்டிக்கொண்டால் உரசும், வெட்டாது. இந்த வளைவைச் சுத்தியலால் தட்டித் தட்டி, கண்ணாலும் காதாலும் சரி பார்த்து, இரண்டு பாதியையும் ஆணியால் சேர்ப்பவருக்கு ஷேரன்நாக்ளர் என்று தனித் தொழில் பெயர். எந்த அச்சும் இந்த வேலையைச் செய்து தராது.

தீட்டியவர்கள் இதற்குக் கொடுத்த விலையும் பெரிது. மணற்கல் தூசி நுரையீரலில் படிந்து இளம் வயதிலேயே மூச்சுத் திணறிச் செத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. பிறந்த நாடு என்று நாங்கள் எழுதும் ஒரு சொல்லுக்குள் அந்த மூச்சும் இருக்கிறது.

இந்த ஊரின் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு வரிசை என்னை உட்கார வைத்துவிட்டது. வாள் செய்த ஊர் இது. முதலில் தனி உரிமைப் பத்திரம் பெற்ற கூட்டத்தார் வாளை அடித்தவர்கள் அல்லர். தோய்ச்சல் போடுபவர்களும் தீட்டுபவர்களும் 1401-இலேயே தங்கள் சங்கத்துக்கு உரிமை வாங்கிவிட்டார்கள். மெருகிட்டுப் பிடி பொருத்துகிறவர்கள் 1412-இல். சம்மட்டி பிடித்த வாள் கொல்லர்கள் 1472-இல்தான். ஒவ்வொரு கூட்டமும் தன் கையால்தான் வாள் வாளாகிறது என்று நம்பியது. ரகசியம் வெளியே போகக்கூடாது என்று ஊரைவிட்டுப் போகமாட்டோம் என்ற சத்தியமும் வாங்கினார்கள்.

அறுநூறு வருடம் கழித்து இதே வழக்கு அட்லாண்டிக்கின் மறு கரையில் நடந்தது. அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின் 304-ஆம் பிரிவுப்படி, இறக்குமதியாகும் பொருளில் அது பிறந்த நாட்டின் பெயர் வாங்குபவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கத்தி, குறடு, பிளேயர் போன்றவற்றுக்கு விதி இன்னும் கடுமை. ஸ்டிக்கர் ஒட்டி ஒப்பேற்ற முடியாது, உலோகத்திலேயே அச்சுக் குத்தியோ செதுக்கியோ அரித்தோ எழுத வேண்டும். நேஷனல் ஹேண்ட் டூல் என்ற நிறுவனம் தைவானில் அடித்து உருக்கொடுத்த சாக்கெட், கைப்பிடி பாகங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. அங்கே தோய்ச்சல் போட்டு, சுத்தம் செய்து, மெருகிட்டு, கோர்த்து விற்றது. எங்கள் ஆலையில் இவ்வளவு வேலை நடக்கிறதே, தைவான் என்று ஏன் பொறிக்க வேண்டும் என்பது அதன் வாதம். பெயர், தன்மை, பயன் இந்த மூன்றில் புதிது ஏதாவது பிறந்ததா என்று பார்ப்பது அமெரிக்க நீதிமன்றங்களின் வழக்கம். 1992-இல் பன்னாட்டு வணிக நீதிமன்றம் இல்லை என்றது. சாக்கெட்டாக வந்தது சாக்கெட்டாகவே இருக்கிறது. உருவம் தைவானில் முடிந்துவிட்டது. என்ன வேலைக்கு என்பதும் வரும்போதே தீர்மானமாகிவிட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதே முடிவு.

சாக்கெட் வரைக்கும் இந்தத் தீர்ப்பை நான் ஏற்கிறேன். அதன் பலம் உருவத்தில் இருக்கிறது. ஆறு முகப் பள்ளம் போல்ட்டின் தலையில் சரியாக உட்கார வேண்டும், அந்தப் பள்ளம் அச்சில் பிறந்ததுதான். ஆனால் தோய்ச்சலை வெறும் இறுதி மெருகோடு சேர்த்து எண்ணியதை என்னால் ஏற்க முடியவில்லை. தோய்ச்சல் இல்லாத ஸ்பேனர் முதல் திருகலிலேயே வாயைப் பிளந்துவிடும். 1401-இல் உரிமை வாங்கிய அந்தச் சோலிங்கன்காரர்கள் இந்தத் தீர்ப்பைக் கேட்டிருந்தால் கொதித்திருப்பார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போயிருக்கிறது. 82-ஆம் அத்தியாயத்துக்கென்று தனியாக ஒரு பிறப்பிட விதி எழுதி வைத்திருக்கிறார்கள். தலைப்பு மாறாது என்று தெரிந்தே, மொண்ணையாக வரும் அச்சு வார்ப்புகளை மனத்தில் வைத்து எழுதிய விதி. வந்தபோது அந்தத் துண்டு வேலை செய்யும் நிலையில் இருக்கக்கூடாது. அச்சிலிருந்து பிரித்தெடுக்கும் வேலைக்கு மேல் எதுவும் நடந்திருக்கக்கூடாது. அப்படியிருந்தால், எல்லா வெட்டு விளிம்பும் வேலைப் பரப்பும் எந்த நாட்டில் இறுதி உருவத்தையும் அளவையும் பெற்றனவோ, அதுவே பிறந்த நாடு. வகைப்படுத்தும்போது வேலை செய்யும் பகுதியைப் பார்த்த அதே கண், பிறந்த நாட்டைத் தேடும்போதும் அதே இடத்தைப் பார்க்கிறது. கத்தரி, கத்தி, உளி, அரம் போன்ற கருக்குள்ள கருவிகளுக்கு இதைவிட நேர்மையான விதி எனக்குத் தெரியவில்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தைவானில் அடித்து, ஜெர்மனியில் தீட்டிக் கோர்த்த ஒரு கத்தரிக்கு ஐரோப்பியச் சுங்கத்தில் பிறந்த நாடு ஜெர்மனி. அதே கத்தரி நியூயார்க்கில் இறங்கினால், வழக்குக்கு வழக்கு ஆராயும் அங்கத்திய முறையில், தைவான் என்று சொல்லக்கூடும். சோலிங்கன் என்று பொறிக்கலாமா என்றால், ‘முக்கியமான வேலைகள்’ எவை என்ற பழைய சச்சரவு மறுபடி முளைக்கும். ஒரே பொருள், எல்லைக்கு எல்லை வேறு தாய்நாடு. கூடுதல் வரிகள் பிறந்த நாட்டைப் பார்த்து விதிக்கப்படும் இந்தக் காலத்தில் அது லாபநஷ்டத்தையே புரட்டிப்போடும். சீனாவிலிருந்து வரும் சுத்தியல், கடப்பாரை, பிக்காசு, கோடாலி மீது 1991-இல் அமெரிக்கா விதித்த பொருள் குவிப்புத் தடுப்பு வரியின் வாசகத்திலேயே வேலை முடிந்ததோ முடியாததோ, பிடி போட்டதோ போடாததோ என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பிடியைக் கழற்றிவிட்டு நுழைய முயல்பவர்கள் இருப்பார்கள் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்ன பழைய சட்டங்களில் பெயர் பெற்றது ஒன்றுக்கும் சோலிங்கனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷெஃபீல்டு கத்திக்காரர்கள், ஜெர்மன் சரக்கு தங்கள் ஊர்ப் பெயரைப் பொய்யாகச் சுமந்து வருகிறது என்று குமுறினார்கள். குமுறலில் நியாயம் இருந்தது. அன்றைய ஜெர்மன் சரக்கின் தரத்தை ஜெர்மானியரே குறை சொன்ன காலம் அது. ஃபிரான்ஸ் ரொய்லோ என்ற பொறியியல் பேராசிரியர் 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியிலிருந்து எழுதிய கடிதங்களில், நம் சரக்கு மலிவு, மட்டம் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1887-இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் குறி போலத் தோன்றும் அடையாளத்தோடு வரும் அயல்நாட்டுப் பொருளில் செய்த நாட்டைச் சொல்லியாக வேண்டும். சோலிங்கனும் அதன் அண்டை ஊர்களும் செய்த மறுமொழி, வேலையை உயர்த்தியது. ‘மேட் இன் ஜெர்மனி’ பிறகு எப்படி மாறியது என்பது ஊரறிந்த கதை.

அண்டை ஊர் என்றேனே, அதுதான் ரெம்ஷைட். சோலிங்கனிலிருந்து ரயிலில் போகும் வழியில் மியுங்ஸ்டன் பாலம். 1897-இல் முடித்தது, வுப்பருக்கு மேலே 107 மீட்டர். ஜெர்மனியில் இதைவிட உயரமான ரயில் பாலம் இல்லை. சோலிங்கன் கத்திக்கு, ரெம்ஷைட் கருவிக்கு. அரம், ரம்பம், உளி, ஸ்பேனர் செய்த ஊர். கடலிலிருந்து வெகு தூரத்தில் மலைமேல் உட்கார்ந்திருக்கும் இந்த ஊருக்கு ‘மலைமேல் கடல் நகரம்’ என்று பட்டப்பெயர். இங்கத்திய வணிகர்கள் கடல் கடந்த நாடுகளோடு அவ்வளவு நெருக்கமாக வியாபாரம் செய்தார்கள். கருவிகளை வரைந்த மாதிரிப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய், வாங்குபவர் விரலால் தொட்டுக் காட்டிய வடிவத்தைச் செய்து அனுப்பினார்கள். பிரஸ்ஸல்ஸின் பட்டியலுக்கு முன்னால் உலகத்தின் கருவிகளை ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தவை அந்தப் புத்தகங்கள்.

ஹாஸ்டன் பகுதியில் இருக்கும் ஜெர்மன் கருவி அருங்காட்சியகத்தில் அரம் வெட்டும் மேடையின் முன்னால் வெகுநேரம் நின்றேன். மென்மையான எஃகுத் துண்டு. அதன்மேல் உளியைச் சாய்த்து வைத்து ஓங்கி ஒரு தட்டு. ஒரு பல் எழும்பும். அந்தப் பல்லின் மேட்டை உளியால் உணர்ந்து, அதற்கடுத்து அடுத்த தட்டு. கண் தேவையில்லை, கை எண்ணிக்கொள்ளும். ஒரு அரத்துக்கு நூற்றுக்கணக்கான பற்கள். பல் முழுவதும் வெட்டிய பிறகே தோய்ச்சல். முன்னால் போட்டால் உளி இறங்காது. இயந்திரங்கள் வந்த பிறகும் இந்த வரிசை மாறவில்லை. அரத்துக்கு எது சொந்த ஊர் என்று இந்த மேடையருகே நின்ற யாருக்கும் சந்தேகம் வராது. பல் முளைத்த ஊர்தான்.

சென்னையில் அதற்குப் பிறகு வந்த ஒரு கன்சைன்மென்டைச் சொல்கிறேன். வியட்நாமிலிருந்து பிளேயர்கள். இந்தியா–ஆசியான் ஒப்பந்தச் சலுகையில் எடுக்க வேண்டும் என்றார் இறக்குமதியாளர். 2020 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. பொருள் அங்கே எப்படிப் பிறந்தது என்பதை இறக்குமதியாளரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சப்ளையருக்கு நான் மூன்று கேள்வி அனுப்பினேன். அச்சில் அடித்தது எங்கே? வாயின் பல்லும் வெட்டு விளிம்பும் உருவானது எங்கே? தோய்ச்சல் எங்கே? படங்களோடு பதில் வந்தது. பல் வெட்டியது, தீட்டியது, தோய்ச்சல் போட்டது, கோர்த்தது எல்லாம் வியட்நாம். அச்சில் அடித்தது ஆசியானுக்கு வெளியே ஒரு நாடு.

“பாதி வேலைக்கு மேல் அங்கேதானே சார் நடந்திருக்கு?” என்று இறக்குமதியாளர் கேட்டார்.

நடந்திருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போயிருந்தால் வியட்நாம் என்று சொல்ல வழி இருந்திருக்கும். இந்த ஒப்பந்தத்தின் பொது விதி 35 சதவீத மதிப்போடு துணைத்தலைப்பு மாற்றத்தையும் கேட்கிறது. மொண்ணையாக உள்ளே போன பிளேயர் 8203.20, கருக்கோடு வெளியே வந்ததும் 8203.20. அந்தப் பற்களை வெட்டிய கைகளின் வேலை படத்தில் அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது. அதை அவரிடமும் காட்டினேன். சலுகை கேட்காமல் முழு வரி கட்டிச் சரக்கை எடுத்தோம்.